தினமும் இரட்டிக்கும் கூலி: ஃபார் லூப் போட்டும் மொத்தம் 1-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது

முதல்_நிரல்

எல்லோருக்கும் வணக்கம். பிசிஏ முதலாண்டு படிக்கிறேன். ஜாவா லேப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள்:

ஒருவருக்கு முதல் நாள் கூலி 1 பைசா. இரண்டாம் நாள் 2 பைசா, மூன்றாம் நாள் 4 பைசா. இப்படி ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைப்போல் இரண்டு மடங்கு. எத்தனை நாள் வேலை என்று கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு நாளின் கூலியையும் பட்டியலாகக் காட்டி, கடைசியில் மொத்தத்தை ரூபாயில் காட்ட வேண்டும். லூப் (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்று) கட்டாயம்.

போனில் தமிழ் கீபோர்டு மட்டும்தான் இருக்கிறது. அதனால் கோடையும் தமிழ் எழுத்திலேயே அடித்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபார் (இன்ட் நாள் = 1; நாள் <= நாட்கள்; நாள்++) {
    இன்ட் கூலி = 1;
    இன்ட் மொத்தம் = 0;
    மொத்தம் = மொத்தம் + கூலி;
    பிரின்ட் (நாள், கூலி, மொத்தம்);
    கூலி = கூலி * 2;
}

10 நாள் கொடுத்தால் பத்து வரி வருகிறது. ஆனால் எல்லா வரியிலும் கூலி 1, மொத்தம் 1. எரர் எதுவும் காட்டவில்லை. இரண்டால் பெருக்கும் வரி இருக்கிறதே, அது ஏன் வேலை செய்யவில்லை?

---

பழைய_கம்பைலர்

யாரும் முழு கோடை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நாளைக்கு லேப்பில் ஆசிரியர் "30-க்குப் பதில் 40 நாள் போடு" என்பார், பையன் முழிப்பான்.

தம்பி, பெருக்கும் வரி வேலை செய்கிறது. பத்து முறையும் செய்கிறது. அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

---

ரன்டைம்_ராணி

ஐயா சொல்வது சரி, ஆனால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் காட்டலாம்.

தம்பி, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "இன்ட் கூலி = 1" என்ற வரி மொத்தம் எத்தனை முறை ஓடுகிறது? ஒருமுறை என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். அது எந்த அடைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது?

---

முதல்_நிரல்

லூப்புக்குள்ளே. அப்படியென்றால் பத்து முறை ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 2 ஆக்குகிறேன், அடுத்த சுற்று மறுபடி 1 என்று வைத்துவிடுகிறது. புரிந்துவிட்டது அக்கா!

---

ரன்டைம்_ராணி

அதேதான். இன்னும் சரியாகச் சொன்னால், பழைய கூலியை எடுத்து 1 ஆக்குவதுகூட இல்லை. அடைப்பு முடியும் இடத்தில் அந்த வேரியபிளே (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) போய்விடுகிறது. அடுத்த சுற்றில் வருவது அதே பெயரில் புதிய வேரியபிள். சோதித்துப் பார்க்க வேண்டுமா? லூப் முடிந்த பிறகு வெளியே மொத்தத்தை பிரின்ட் செய்து பாருங்கள். அப்படி ஒரு பெயரே தெரியாது என்று கம்பைலர் சொல்லும். நீங்கள் உள்ளேயே பிரின்ட் செய்ததால்தான் எரர் வராமல் தப்பித்தது.

எதையாவது ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் அது லூப்புக்கு வெளியே பிறக்க வேண்டும். உங்கள் கணக்கில் அப்படி இரண்டு இருக்கின்றன: இன்றைய கூலி, இதுவரை சேர்ந்த மொத்தம். நாள் என்பதும் தொடர்ந்து போகிறதுதான், ஆனால் அதை ஃபார் வரியே பார்த்துக்கொள்கிறது.

---

முதல்_நிரல்

இரண்டையும் வெளியே எடுத்துவிட்டேன். எண்கள் ஏறுகின்றன. ஆனால் இப்போது 10 நாளுக்கு மொத்தம் 2046 என்கிறது. நண்பன் ஒருவனுக்கு 1023. எது சரி?

லூப்புக்குள் இப்போது இப்படி இருக்கிறது:

    கூலி = கூலி * 2;
    மொத்தம் = மொத்தம் + கூலி;
    பிரின்ட் (நாள், கூலி, மொத்தம்);

---

பழைய_கம்பைலர்

வரிகளின் வரிசையை ஏன் மாற்றினீர்கள்? முதலில் சரியாகத்தானே இருந்தது!

கம்ப்யூட்டரை மூடி வையுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: நாள், கூலி, மொத்தம். முதல் நாள் முடிவில் மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்? கணக்கே சொல்கிறது, 1 பைசா. உங்கள் கோட் முதல் சுற்றில் என்ன செய்கிறது? 1-ஐ 2 ஆக்கிவிட்டு அந்த 2-ஐச் சேர்க்கிறது. அதாவது முதல் நாளே இரண்டாம் நாள் கூலியைக் கொடுத்துவிட்டீர்கள். முதலாளி பாவம்.

சரியான தாள் இப்படி இருக்கும்:

நாள் 1, கூலி 1, மொத்தம் 1
நாள் 2, கூலி 2, மொத்தம் 3
நாள் 3, கூலி 4, மொத்தம் 7
நாள் 4, கூலி 8, மொத்தம் 15
நாள் 5, கூலி 16, மொத்தம் 31

முதலில் கொடு, எழுது, அப்புறம் நாளைக்காக இரட்டி. லூப் எழுதுபவர்களில் பாதிப் பேர் சறுக்குவது இந்த வரிசையில்தான். கோட் எழுதும் முன்னாலேயே ஐந்து வரி தாளில் போட்டிருந்தால் 2046-ஐப் பார்த்த உடனே தெரிந்திருக்கும்.

---

சுருக்குவழி

ஒரு கேள்வி. இதற்கு எதற்கு லூப்? மொத்தம் என்பது 2-ஐ நாட்கள் அளவுக்கு அடுக்கேற்றி அதில் 1 கழித்தது, அவ்வளவுதான். 10 நாள் என்றால் 1024 கழித்தல் 1, 1023. ஒரே வரி. நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பையனை லூப்பில் சுற்றவிடுகிறீர்கள்.

---

ரன்டைம்_ராணி

கணக்கில் "ஒவ்வொரு நாளின் கூலியையும் பட்டியலாக" என்று இருக்கிறதே. பட்டியல் வேண்டுமென்றால் எப்படியும் சுற்றித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அந்தச் சூத்திரத்தை நான் ஒதுக்க மாட்டேன். லூப் சரியா என்று பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. மேலே ஐயா போட்ட தாளைப் பாருங்கள். எந்த நாளை எடுத்தாலும், அன்றைய கூலி அதற்கு முன்பு வாங்கிய எல்லாவற்றையும்விடச் சரியாக 1 பைசா அதிகம். நாள் 4 கூலி 8, அதற்கு முன் சேர்ந்தது 7. நாள் 5 கூலி 16, அதற்கு முன் சேர்ந்தது 15. முப்பதாம் நாள் ஒருநாள் கூலி, முதல் 29 நாள் கூலி மொத்தத்தைவிட 1 பைசா அதிகம்! அவுட்புட்டில் எந்த இரண்டு வரிகளுக்கு இடையிலாவது இந்த உறவு உடைந்தால் அங்கே பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

---

அரைகுறை_ஆர்வலர்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே கணக்குதான். நான் சுருக்குவழி சொன்ன மாதிரி அடுக்கு போட்டேன்.

    கூலி = 2 ^ நாள்;

வருவது: 3, 0, 1, 6, 7, 4. இது என்ன பாஷை?

---

பிட்_பைட்

ஜாவாவில் அந்தக் கூரைக்குறி அடுக்கு கிடையாது. அது எக்ஸ்ஆர், அதாவது இரண்டு எண்களையும் பைனரியில் வைத்து, பிட்டுகள் வேறுபடும் இடத்தில் 1 போடும். 2 என்பது 10, 1 என்பது 01. இரண்டு இடமும் வேறுபடுவதால் 11, அதாவது 3. 2-ஐ 2-உடன் எக்ஸ்ஆர் செய்தால் வேறுபாடே இல்லை, 0. உங்கள் ஆறு எண்களும் இப்படி வந்தவைதான். எக்ஸலில் அந்தக் குறி அடுக்கு என்பதால் நிறையப் பேர் இதில் விழுகிறார்கள்.

அடுக்கு வேண்டுமென்றால் மேத்.பவ் இருக்கிறது. ஆனால் அது டபுளாக, அதாவது தசம எண் வகையாகத் திருப்பித் தரும். அதோடு முதல் நாளுக்கு அடுக்கு 0 வர வேண்டும் என்பதால் நாள் - 1 என்று கொடுக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு 2-ஆல் பெருக்கிக்கொண்டே போவதுதான் நேர்வழி.

---

மட்டுறுத்துநர்

கோடைத் தமிழ் எழுத்தில் போட்டிருப்பது பற்றி இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். ஃபார், இன்ட், வைல் போன்ற ஜாவாவின் சொந்தச் சொற்களை ஓட்டும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். கூலி, மொத்தம், நாள் போன்ற வேரியபிள் பெயர்களை மட்டும் தமிழிலேயே விடலாம், ஜாவா ஏற்றுக்கொள்ளும். ஃபைலை யூடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியீட்டு முறை, அதாவது என்கோடிங்) ஆகச் சேமியுங்கள். ஜாவா 18 முதல் அதுவே இயல்புநிலை. அதற்கு முந்தைய ஜாவாவோடு விண்டோஸில் கம்பைல் செய்தால் என்கோடிங்கைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

---

முதல்_நிரல்

வரிசையை மாற்றிவிட்டேன், 1023 வந்துவிட்டது! ராணி அக்கா சொன்ன "1 பைசா அதிகம்" சோதனையும் போட்டுப் பார்த்தேன், எல்லா வரியும் சரி. 20 நாளுக்கு மொத்தம் 1048575 பைசா, அதாவது 10,485 ரூபாய் 75 காசு.

சும்மா இருக்காமல் 40 நாள் கொடுத்துப் பார்த்தேன். 31 நாள் வரைக்கும் ஏறுகிறது. 32-ஆம் நாள் கூலி -2147483648, மொத்தம் -1. 33-லிருந்து 40 வரை கூலி 0, மொத்தம் -1. அசையவே இல்லை. கூலி வாங்கப்போனவன் 1 பைசா கடனோடு வருகிறான்.

---

பிட்_பைட்

நல்ல வேளை, 40 போட்டுப் பார்த்தீர்கள். 30-லேயே நின்றிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

இன்ட் என்ற முழு எண் வகை 32 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள். இடக்கோடியில் இருக்கும் பிட் 1 ஆக இருந்தால் எண் எதிர்மறை. மீதி 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647.

இரண்டால் பெருக்குவது என்பது பைனரியில் எல்லா பிட்டுகளையும் ஓர் இடம் இடப்பக்கம் தள்ளுவது. உங்கள் கூலியில் எப்போதும் ஒரே ஒரு 1 தான் இருக்கிறது. முதல் நாள் அது வலக்கோடியில். ஒவ்வொரு நாளும் ஓர் இடம் நகர்கிறது. 31-ஆம் நாள் இடக்கோடிக்கு முந்தைய இடத்தில் நிற்கிறது. 32-ஆம் நாள் இடக்கோடிக்கே போய்விட்டது, அதனால் -2147483648. 33-ஆம் நாள் இன்னொரு தள்ளு, அந்த 1 வெளியே விழுந்துவிட்டது. மிச்சம் எல்லாம் பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை முறை இரட்டித்தாலும் பூஜ்யம்தான்.

மொத்தம் ஏன் -1? மொத்தத்தில் ஒவ்வொரு நாளும் புதிதாக ஓர் இடத்தில் 1 சேர்கிறது. 5 நாள் முடிவில் 11111, அதாவது 31. 31 நாள் முடிவில் முப்பத்தொரு 1-கள். அது சரியாக 2147483647, இன்ட்டின் உச்சவரம்பு. 32-ஆம் நாள் இடக்கோடியிலும் 1 விழுகிறது. இப்போது 32 பிட்டும் 1. ஜாவா எதிர்மறை எண்களை எழுதும் முறையில் எல்லா பிட்டும் 1 என்றால் அது -1. அதற்குப் பிறகு 0-ஐத்தான் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அதனால் அங்கேயே நிற்கிறது.

இதில் மோசமான விஷயம், ஜாவா ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை.

---

அரைகுறை_ஆர்வலர்

எனக்கு வேறு மாதிரி வருகிறதே! 32-ஆம் நாளிலிருந்து கூலி தினமும் 2147483647. எதிர்மறையே வரவில்லை. நான் மேத்.பவ் போட்டு, முன்னால் இன்ட் என்று காஸ்ட் செய்து இன்ட்டாக மாற்றியிருக்கிறேன்.

---

பிட்_பைட்

அதுவும் ஜாவாவின் விதிப்படிதான். டபுளில் இருக்கும் பெரிய எண்ணை இன்ட்டாக மாற்றும்போது, அடங்காவிட்டால் பிட்டுகள் உருண்டு போகாது. இன்ட்டின் உச்சவரம்பிலேயே நிறுத்திவிடும். இன்ட்டும் இன்ட்டும் பெருக்கினால்தான் சுற்றிக்கொண்டு எதிர்மறைக்குப் போகும். ஒரே கணக்கு, இரண்டு விதமான தப்பு. உங்களுடையது இன்னும் ஆபத்து. மைனஸ் குறி இல்லாததால் பார்த்தால் சரி போலவே இருக்கும்.

---

சுருக்குவழி

மொத்தத்தை லாங் (64 பிட் முழு எண்) ஆக்கினால் தீர்ந்தது. நான் பிட்டைத் தள்ளியே ஒரே வரியில் போட்டிருக்கிறேன்:

    லாங் மொத்தம் = (1 << நாட்கள்) - 1;

லூப்பும் இல்லை, எண் அடங்காமல் வழியும் ஓவர்ஃப்ளோவும் இல்லை.

---

பிட்_பைட்

40 கொடுத்து ஓட்டிப் பார்த்தீர்களா?

---

சுருக்குவழி

255 வருகிறது. 32 கொடுத்தால் 0. என்ன கொடுமை இது.

---

பிட்_பைட்

இடப்பக்கம் லாங் என்று எழுதிவிட்டால் வலப்பக்கமும் லாங்கில் நடக்கும் என்று நினைத்துவிட்டீர்கள். அங்கே இருக்கும் 1 ஓர் இன்ட். தள்ளுவது இன்ட்டிலேயே நடந்து முடிந்து, அதற்குப் பிறகுதான் விடை லாங்குக்குப் போகிறது. இன்ட்டைத் தள்ளும்போது ஜாவா தள்ளும் அளவில் கடைசி 5 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். 40-இல் 32 போக மீதி 8. 2-இன் 8-ஆம் அடுக்கு 256, ஒன்று கழித்தால் 255. 32 கொடுத்தால் 0 இடம் தள்ளுகிறது, 1 கழித்தல் 1.

1-க்குப் பக்கத்தில் எல் எழுத்தைப் போடுங்கள், அந்த 1 லாங்காகிவிடும். பெரிய எல் போடுங்கள், சின்ன எல் பார்ப்பதற்கு 1 மாதிரியே இருக்கும்.

---

பழைய_கம்பைலர்

பார்த்தீர்களா. சுருக்குவழிக்காரருக்கு 255 தப்பு என்று எப்படித் தெரிந்தது? பிட்_பைட் கேட்டதால். பையனுக்கு -1 தப்பு என்று எப்படித் தெரிந்தது? பட்டியலில் ஒவ்வொரு வரியாக ஓடி வந்ததால், எந்த நாளில் உடைந்தது என்று கண்ணால் பார்த்தான். சூத்திரம் கடைசி எண்ணை மட்டும் நீட்டும், நடுவில் என்ன நடந்தது என்று சொல்லாது. முதலாண்டில் லூப் போட வைப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

---

சுருக்குவழி

சரி ஐயா, இந்தச் சுற்று உங்களுக்கு. இருந்தாலும் ஆயிரம் பேருக்குக் கணக்குப் போடும்போது நான் சூத்திரத்தைத்தான் எடுப்பேன்.

---

ஆலப்புழை_எக்ஸ்பிரஸ்

இந்தக் கணக்கு பழைய சதுரங்கக் கதைதான். அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால் பாயசத்துக்குச் சொல்லும் கதையை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ராஜா சதுரங்கத்தில் ஒரு முனிவரிடம் தோற்கிறார். முனிவர் கேட்பது முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு. கஜானா காலியாகும் அளவுக்குக் கடன் ஏறுகிறது. முனிவர் யார் என்றால் கிருஷ்ணனே. கடனைத் தீர்க்க தினமும் கோயிலுக்கு வருபவர்களுக்குப் பாயசம் கொடு என்று முடிகிறது.

64 கட்டம் என்றால் மொத்தம் 18446744073709551615 அரிசி. முதல்_நிரல், லாங் போட்டு 64 நாள் கொடுத்துப் பாருங்கள், என்ன வருகிறது?

---

முதல்_நிரல்

மறுபடி -1! 63 நாளுக்கு 9223372036854775807 வந்தது. 64-இல் -1.

லாங் 64 பிட், அதனால் 64 கட்டம் முடியும்போது எல்லா பிட்டும் 1. இந்த முறை நானே கண்டுபிடித்துவிட்டேன்.

---

பிட்_பைட்

சதுரங்கப் பலகைக்கும் லாங்குக்கும் அப்படி ஒரு பொருத்தம். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த -1-இன் பிட்டுகள் தப்பில்லை, படிக்கும் முறைதான் மாறிவிட்டது. ஜாவா 8-இல் வந்த லாங்.டூஅன்சைன்டுஸ்ட்ரிங் என்பதற்குள் அதே -1-ஐப் போட்டால் 18446744073709551615 என்று அச்சிடும். 65-ஆவது கட்டம் வேண்டுமென்றால் எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும் பிக்இன்டிஜர்தான். அதில் பெருக்கலுக்கு நட்சத்திரக்குறி கிடையாது, மல்டிப்ளை, ஆட் என்று கூப்பிட வேண்டும். லேப் கணக்குக்கு அது தேவையில்லை.

---

முதல்_நிரல்

இப்போது ரூபாயில் காட்டுவதில் நிற்கிறேன். மொத்தத்தை 100-ஆல் வகுத்தால் 20 நாளுக்கு 10485 என்று வருகிறது, 75 காசைக் காணோம். 100.0 என்று மாற்றினேன், 10485.75 சரியாக வந்தது. ஆனால் 30 நாளுக்கு 1.073741823ஈ7 என்று வருகிறது. நடுவில் ஈ எப்படி வந்தது?

---

சம்பளப்பட்டியல்

இது என் தொழில் என்பதால் நுழைகிறேன். சம்பளம் கணக்கிடும் சாஃப்ட்வேர்தான் எனக்குச் சோறு போடுகிறது.

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஜாவா மீதியை வெட்டிவிடும், அதனால்தான் 75 காசு போனது. 100.0 டபுள், அதனால் விடையும் டபுள். டபுள் ஒரு கோடியைத் தொட்டதும் பிரின்ட்எல்என் அதை அறிவியல் வடிவத்தில் காட்டத் தொடங்கிவிடும். ஈ7 என்றால் பத்தின் 7-ஆம் அடுக்கால் பெருக்கு என்று பொருள். எண் கெடவில்லை, காட்டும் விதம்தான் அப்படி. பிரின்ட்எஃப் போட்டு, சதவீதக்குறி, புள்ளி, 2, எஃப் என்று வடிவம் கொடுங்கள். 10737418.23 என்று வரும். அதாவது ஒரு கோடியே ஏழு லட்சத்து முப்பத்தேழாயிரத்து நானூற்றுப் பதினெட்டு ரூபாய் 23 காசு. மாதம் ஒரு கோடி சம்பளம், முதல் நாள் கூலி 1 பைசா. நம் ஊரில் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டதால் முதல் ஆறு நாள் கூலியைக் கையில் வாங்கவே முடியாது, அது வேறு கதை.

நீங்கள் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள்: லூப் முழுக்கப் பைசாவிலேயே ஓட்டி, கடைசியில் காட்டும்போது மட்டும் வகுத்திருக்கிறீர்கள். நிறையப் பேர் தொடக்கத்திலேயே டபுள் கூலி = 0.01 என்று வைப்பார்கள். டபுளுக்குள் 0.01 துல்லியமாக உட்காராது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 காட்டும் கோளாறும் இதே குடும்பம். இரட்டிப்பதில் சேதம் இல்லை, இரண்டால் பெருக்குவது டபுளில் சுத்தமாக நடக்கும். வட்டி, பிடித்தம் என்று வந்தால்தான் தலைவலி. அங்கே பைசா முழு எண் அல்லது தசமத்தைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல், வேறு பேச்சில்லை.

---

முதல்_நிரல்

பிரின்ட்எஃப் வேலை செய்கிறது, நன்றி சார். 1,07,37,418.23 என்று நம் ஊர்க் கமாவோடு காட்ட முடியுமா? வடிவத்தில் கமா போட்டால் 10,737,418.23 என்கிறது.

---

சம்பளப்பட்டியல்

எண்ணை வடிவமைக்க ஜாவாவோடு வரும் டெசிமல்ஃபார்மட்டில் முடியாது. நீங்கள் வடிவத்தில் லட்சம் கோடி போலக் கமாக்களை வைத்தாலும், கடைசிக் கமாவுக்கும் எண் முடிவுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே போடும். ஐசியு4ஜே என்ற நூலகத்தில் நம் முறை இருக்கிறது. லேப்புக்கு அது அதிகம். கடைசி மூன்று இலக்கத்தை வெட்டி, மீதியை இரண்டிரண்டாக வெட்டும் ஒரு வைல் லூப் எழுதிப் பாருங்கள். நல்ல பயிற்சி, மதிப்பெண் வராது.

---

ரன்டைம்_ராணி

தம்பி, இன்னொன்று மிச்சம் இருக்கிறது. நாட்கள் என்று கேட்கும்போது யாராவது 0 அல்லது -5 கொடுத்தால்? உங்கள் ஃபார் லூப் ஒருமுறைகூட ஓடாது, மொத்தம் 0.00 என்று காட்டும். மரியாதையான ப்ரோகிராம் மறுபடி கேட்கும்.

---

முதல்_நிரல்

போட்டேன் அக்கா, ஆனால் தொங்கிவிட்டது. "1-க்குக் குறையாமல் கொடுங்கள்" என்ற வரி ஸ்க்ரீன் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது.

    நாட்கள் = உள்ளீடு.நெக்ஸ்ட்இன்ட்();
    வைல் (நாட்கள் < 1) {
        பிரின்ட் ("1-க்குக் குறையாமல் கொடுங்கள்");
    }

---

பழைய_கம்பைலர்

கேட்கிறீர்கள், பதிலை வாங்கினீர்களா? வைலுக்குள் நாட்களை மாற்றும் வரி எங்கே? ஃபார் வரியில் நாள்++ என்று எழுதத் தனி இடமே இருக்கிறது, வைலில் அப்படி யாரும் இடம் ஒதுக்கித் தருவதில்லை.

---

ரன்டைம்_ராணி

உள்ளேயும் ஒரு நெக்ஸ்ட்இன்ட் வரி வேண்டும். ஒரே வரியை இரண்டு இடத்தில் எழுதப் பிடிக்காவிட்டால் டூ-வைல் போடுங்கள். ஒருமுறையாவது கேட்டே ஆக வேண்டிய இடம் என்பதால் அது இங்கே பொருந்தும். நாள் கணக்குக்கு ஃபார். எத்தனை முறை என்று முன்பே தெரியும். சரியான பதில் வரும்வரை கேட்பதற்கு வைல் அல்லது டூ-வைல்.

எண்ணுக்குப் பதில் "பத்து" என்று எழுத்தில் அடித்தால் நெக்ஸ்ட்இன்ட் எக்ஸப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) எறியும். அதைப் பிடித்துவிட்டு மறுபடி நெக்ஸ்ட்இன்ட் கூப்பிடுகிறவர்கள் இன்னொரு முடிவில்லாத சுற்றில் மாட்டுவார்கள். ஏனென்றால் அந்த "பத்து" இன்னும் வரிசையில் அப்படியே நிற்கிறது. வெறும் நெக்ஸ்ட் போட்டு அதை எடுத்து வீசிய பிறகுதான் அடுத்ததைக் கேட்க வேண்டும்.

---

பிட்_பைட்

ஓவர்ஃப்ளோவை வாயைத் திறந்து சொல்ல வைக்கவும் வழி உண்டு. கூட்டலுக்கு மேத்.ஆட்எக்ஸாக்ட், பெருக்கலுக்கு மேத்.மல்டிப்ளைஎக்ஸாக்ட். அடங்காவிட்டால் அரித்மெடிக் எக்ஸப்ஷன் எறிந்து நின்றுவிடும். அமைதியாக -1 காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

---

முதல்_நிரல்

எல்லாவற்றையும் சேர்த்து எழுதியது:

    இன்ட் நாட்கள்;
    டூ {
        பிரின்ட் ("எத்தனை நாள் (1 முதல் 63 வரை)? ");
        நாட்கள் = உள்ளீடு.நெக்ஸ்ட்இன்ட்();
    } வைல் (நாட்கள் < 1 || நாட்கள் > 63);

    லாங் கூலி = 1;
    லாங் மொத்தம் = 0;
    ஃபார் (இன்ட் நாள் = 1; நாள் <= நாட்கள்; நாள்++) {
        மொத்தம் = மேத்.ஆட்எக்ஸாக்ட்(மொத்தம், கூலி);
        பிரின்ட் (நாள், கூலி);
        கூலி = மேத்.மல்டிப்ளைஎக்ஸாக்ட்(கூலி, 2);
    }
    பிரின்ட்எஃப் (மொத்தம் / 100.0);

30 நாளுக்கு 10737418.23. 62 வரைக்கும் எக்ஸப்ஷன் இல்லை. 63 கொடுத்தால் 63 வரிகளும் அச்சாகிவிட்டு, கடைசி மொத்தம் வரும் முன்னால் எக்ஸப்ஷன். 63 நாள் மொத்தம் லாங்குக்குள் அடங்கும் என்று மேலே பார்த்தோமே?

---

பிட்_பைட்

மொத்தம் அடங்குகிறது. 63-ஆம் நாள் கூலியும் அடங்குகிறது. அடங்காதது 64-ஆம் நாள் கூலி. லூப்பின் கடைசி வரி கடைசிச் சுற்றிலும் ஓடி, யாருக்கும் தரப்போகாத நாளைய கூலியைக் கணக்கிடுகிறது. சாதாரணப் பெருக்கலாக இருந்தபோது அது சத்தமில்லாமல் உருண்டு போனது, யாரும் பார்க்கவில்லை. இப்போது எக்ஸாக்ட் பிடித்துக்கொண்டது.

---

ரன்டைம்_ராணி

இரட்டிக்கும் வரிக்கு முன் "நாள் < நாட்கள்" என்று ஓர் இஃப் போடலாம், அல்லது வரம்பை 62 ஆக்கலாம். ஒரு நாளுக்காக லூப்புக்குள் இஃப் வேண்டாம் என்பது என் கட்சி.

இன்னொன்று, 53 நாளைத் தாண்டும்போது 100.0-ஆல் வகுப்பதால் டபுளுக்குள் கடைசிக் காசுகள் தேயும். பைசாவைத் துல்லியமாகக் காட்ட வேண்டுமென்றால் மொத்தம் / 100 என்பதை ரூபாயாகவும், மொத்தம் % 100 (100-ஆல் வகுத்த மீதி) என்பதைக் காசாகவும் தனித்தனியே அச்சிடுங்கள். காசு ஓரிலக்கமாக வந்தால் முன்னால் 0 போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 5 காசு 50 காசாகிவிடும்.

---

முதல்_நிரல்

வரம்பை 62 ஆக்கிவிட்டேன். ரூபாயும் காசும் தனியாக வருகின்றன, 3 நாளுக்கு 0.07 என்று சரியாகக் காட்டுகிறது. லட்சக் கமாவுக்கு வைல் லூப் எழுதத் தொடங்கியிருக்கிறேன், 1,07,37,418-க்குப் பதில் 10,73,74,18 என்று வருகிறது. முன்பக்கத்திலிருந்து வெட்டுகிறேன் போல. அதற்குத் தனி இழை திறக்கிறேன்.